இடது கைக்காரர்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
ஒரு முனை தட்டை, பெயின்ட் டப்பா மூடியை நெம்ப.
மறுமுனை திருப்புளி.
நடுவே அறுகோணத் துளை, கால் அங்குல பிட் உட்காரும்.
இடுப்பு வளைவில் சோடா திறக்கலாம்.
நான் சோடா குடிப்பதில்லை.

கிருஷ்ணகிரி டோல்கேட் அருகே முறிந்த
ஏதோ ஒரு லாரியின் பட்டைத் துண்டு.
பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன்.
கரியில் பழுக்க வைத்து, ஆறவிட்டு,
சனி ஞாயிறு முழுக்க ராவினேன்.
மறுபடி பழுக்க வைத்து எண்ணெயில் அமுக்கி
கடைசியில் கேஸ் அடுப்பின் சிறு தீயில் காட்டினேன்.
முதலில் வைக்கோல் நிறம் வரும்.
அடுத்து கத்தரிப்பூ.
அதற்கும் அடுத்து, கண் சிமிட்டாமல் இருந்தால்,
மயில் கழுத்து.
சிமிட்டினால் சாம்பல்.
அன்றைக்குப் பக்கத்து அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.
நீலம் கிடைத்தது.

தஸ்தகீரிடம் அதைக் கொடுத்து
அவன் செய்த பித்தளை மீனை வாங்கிக்கொண்டேன்:
வால் திருப்புளி, வாய் ஸ்போக் சாவி.
ராமநாயக்கன் ஏரிப் பக்கம், டீக்கடை பெஞ்சு,
ஞாயிறு பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர்
சாவிக்கொத்துகளைக் கொட்டுவோம்.
தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் குறைத்து,
கன்னடத்தில் கோபித்துக்கொண்டு,
முடிவில் காசு கைமாறாது, பொருள்தான் மாறும்.
டீக்கடைக்காரர் எங்களைச்
சீட்டு நடத்துகிறவர்கள் என்றே நினைத்திருக்கிறார்.

என்னிடம் இப்போது பத்தொன்பது.
சிப்காட் கேட்டில் செக்யூரிட்டி சௌடம்மா
தினமும் தட்டில் கொட்டச் சொல்வாள்.
"எத்தனை வீடுக்கா உங்களுக்கு?"
அந்தக் கொத்தில் சாவி ஒன்றே ஒன்று.
அதுவும் வாடகை வீட்டுச் சாவி.

போன ஞாயிறு
ஜூஜூவாடியிலிருந்து புதிதாக ஒரு பையன்.
கைக்குட்டையில் முடிந்து நான்கு பொருள்.
மூன்றாவது என்னுடையது.

ஆறு வருடம்.
எப்படித் தெரியும் என்றால்,
துளையின் ஒரு மூலையில் அரம் வழுக்கிய கீறல்.
தொழிற்சாலையில் நான் அளவு பார்க்கிறவள்.
பத்து மைக்ரான் தப்பினால்
பல்சக்கரத்தைச் சிவப்புத் தட்டில் போடுகிறவள்.
அந்தக் கீறலை மட்டும் பாஸ் செய்திருந்தேன்.

நீலம் போய்விட்டிருந்தது.
வளையத் துளையை யாரோ பெரிதாக்கியிருந்தார்கள்.
ஓரத்தில் ஏழு வெட்டுகள், ஏழாவது பாதியில் நிற்கிறது.
வெட்டுக்குள் காய்ந்த பச்சைப் பிசின்.
ரோஜாக் காம்பில் முள் உரித்திருப்பாரோ?
பாலிஹவுஸ் கூலியா, மேஸ்திரியா?
ஏழு என்ன கணக்கு, வரிசையா, வருடமா?
மேல்விளிம்பில் கட்டைவிரல் பட்டுப் பட்டு
அரிசி அளவுக்கு ஒரு குழி.
பிடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.
இடது கைக்கு மாற்றினேன்.
உட்கார்ந்தது.

யாரிடம் வாங்கினாய் என்றேன்.
பாகலூர் ரோடு பஞ்சர் கடைக்காரர் கொடுத்தாராம்.
அவருக்கு யார் என்று பையனுக்குத் தெரியவில்லை.
மாற்றாகப் பித்தளை மீனைக் கேட்டான்.
கொடுத்தேன்.
தஸ்தகீர் ஏரியைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்,
டீ ஆறும்வரை திரும்பவில்லை.

ராத்திரி எமரித் தாளை எடுத்து வைத்தேன்.
மறுபடி நீலம் ஏற்ற ஐந்து நிமிடம் போதும்.
கூடவே கீறலையும் எடுத்துவிடலாம்.
இத்தனை வருடத்தில் என் கையும் தேறியிருக்கிறது.
கேஸைப் பற்றவைத்தேன்.

அதில் பாலை வைத்தேன்.

குக்கர் கைப்பிடியில் ஸ்க்ரூ மூன்று மாதமாக ஆடுகிறது.
இடது கையால் முடுக்கினேன்.
இரண்டு தடவை வழுக்கியது.
மூன்றாவது தடவை கட்டைவிரல்
தானாகப் போய்க் குழியில் இறங்கிக்கொண்டது.
ஏழாவது வெட்டை முழுசாக்கலாமா,
எட்டாவதாக என்னுடையது ஒன்று போடலாமா
என்று அரத்தைத் தேடுவதற்குள்
பால் பொங்கிவிட்டது.